பழைய வீட்டுக் கணப்பு: புகை அறைக்குள்ளேயே திரும்புகிறது

மலைவாசி: கோத்தகிரிப் பக்கம் பழைய ஓட்டு வீடு. கணப்பு பல வருடமாக எரிக்கப்படவில்லை. பற்றவைத்தால் முதல் பத்து நிமிடம் புகை முழுக்க அறைக்குள்தான். டார்ச் அடித்துப் பார்த்தால் சிம்னியின் உட்சுவரில் தார் பூசியதுபோல் பளபளவென்று கறுப்புப் படலம். விறகு கற்பூர மரம் (யூகலிப்டஸ்), போன வாரம் வாங்கியது. என்ன செய்யலாம்? படுக்கப் போகும்போது தணல் இருக்கையிலேயே டாம்பரை (புகைவழியை அடைக்கும் தகட்டை) மூடினால் சூடு தங்குமா?

சிம்னிக்கொத்து: கடைசிக் கேள்விக்கு முதலில். மூடவே கூடாது. புகை நின்று தணல் மட்டும் கனியும்போதுதான் கார்பன் மோனாக்சைடு ஆபத்து. நிறம் இல்லை, வாசனை இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். சாம்பல் முழுக்க ஆறிய பிறகே டாம்பரைத் தொடுங்கள். படுக்கை அறையில் அதற்கான பேட்டரி அலாரம் ஒன்று மாட்டுங்கள்.

அந்தப் பளபளப்பு கிரியோசோட். ஈர விறகின் புகை குளிர்ந்த சுவரில் படிந்து இறுகியது. தூளாக இருக்கும் கரி 3 மி.மீ. சேர்ந்தாலே பிரஷ் போட வேண்டும். கண்ணாடிபோல் இறுகியது பிரஷுக்கு வராது. சுழலும் சங்கிலி போட்டுத் தட்டி எடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அதுவரை எரிக்காதீர்கள். இது பற்றினால் சிம்னிக்குள் 1000 டிகிரி செல்சியஸ் வரை போகும், பழைய சுண்ணாம்புக் காரை விரிசல் விடும். உத்தரத்துக்கு மேலே ஏறி, சிம்னியை ஒட்டிய மரச்சட்டங்களில் கரிக்கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ஏற்கெனவே விரிசல்.

ஊட்டிக்குளிர்: புகை திரும்புவதற்குப் பெரும்பாலும் காரணம், சிம்னிக்குள் நிற்கும் குளிர்ந்த, கனமான காற்று. டாம்பரைத் திறந்து, ஊதுபத்தியைக் கணப்பு வாயின் மேல் விளிம்பில் பிடியுங்கள். புகை அறைப்பக்கம் வந்தால், செய்தித்தாளை முறுக்கிப் பற்றவைத்து டாம்பருக்கு நேர்கீழே ஒரு நிமிடம் பிடித்தால் இழுப்பு திரும்பும். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தி, ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் அளவு கோளாறு. வாய் 36-க்கு 30 அங்குலம் என்றால் 1080 சதுர அங்குலம். புகைக்குழாய் அதில் பத்தில் ஒரு பங்காவது, அதாவது 9-க்கு 12 வேண்டும். வாயின் மேல்பக்கம் 4 அங்குலத் தகடு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். குருவிக்கூடு அடைத்திருக்கிறதா என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

விறகுக்கட்டு: போன வாரம் வாங்கிய கற்பூர மரமா! பச்சை மரத்தில் ஏறத்தாழ பாதி எடை தண்ணீர். அதை ஆவியாக்கவே நெருப்பு செலவாகிறது. சரியாக எரியாத புகைதான் உங்கள் சிம்னியில் தாராகப் படிகிறது. கற்பூர மரம் காய்ந்தபின் கோடாலிக்கு மசியாது, பச்சையிலேயே 4 அங்குலக் கனத்துக்குப் பிளந்துவிடுங்கள். ஜனவரியில் அடுக்கினால் தென்மேற்குப் பருவமழைக்குமுன் ஓரளவு காயும், முழுக்கக் காய ஒரு வருடம் ஆகும். மேலே மட்டும் தகரம், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். சீகை மரம் (வாட்டில்) சீக்கிரம் காயும், இந்த வருடத்துக்கு நன்கு காய்ந்த சீகை தேடுங்கள். இரண்டு கட்டைகளை மோதினால் ‘டங்’ என்றால் காய்ந்தது, ‘தொப்’ என்றால் ஈரம். மீட்டர் இருந்தால் புதிதாகப் பிளந்த முகத்தில் வைத்து அளக்க வேண்டும்: 20 சதவீதத்துக்குக் கீழ். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், மண்ணெண்ணெய் பக்கமே போகாதீர்கள்.

மலைவாசி: நன்றி. சாம்பலை எப்படி அள்ளுவது?

சிம்னிக்கொத்து: ஓர் அங்குலம் விட்டு மீதியை. மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, வீட்டுக்கு வெளியே கல் தரையில் நான்கு நாள் வையுங்கள்; உள்ளே கங்கு அவ்வளவு நாள் உயிரோடு இருக்கும். பழைய மரத்தளத்தில் வாளியை வைக்க வேண்டாம். சிம்னிக்குள் ரயில் ஓடுவதுபோல் இரைச்சல் கேட்டால் எல்லோரும் வெளியேறி 101-ஐ அழையுங்கள். கூரையேறிச் சிம்னிக்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான சுவர் வெடிக்கும்.