வாக்காளர் ஐடி சட்டத்தால் பிரைமரி முடிவு மாறியிருக்கிறதா?

மெஸ்கீட்மரம் எழுதியது:

டெக்சஸில் இருக்கிறேன். குடியுரிமை வாங்கி ஓட்டுப் போட ஆரம்பித்துச் சில வருடங்கள்தான் ஆகிறது, அதனால் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு வாக்குவாதம் ஓயாமல் ஓடுகிறது. மச்சான் சொல்கிறார், ஓட்டுப் போட அடையாள அட்டை (ஐடி) கேட்கிற மாநிலத்தில் ஒரு கட்சி ஜெயிக்கிறது, கேட்காத மாநிலத்தில் இன்னொரு கட்சி ஜெயிக்கிறது, இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று. மகள் கல்லூரியில் படிக்கிறாள், அவள் ஐடி கேட்கிற சட்டமே கறுப்பினத்தவரையும் மாணவர்களையும் ஓட்டுப் போடவிடாமல் தடுக்கத்தான் என்கிறாள். இங்கே துப்பாக்கி லைசென்ஸைக் காட்டி ஓட்டுப் போடலாம், கல்லூரி அட்டையைக் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அது உண்மைதான், நானே பட்டியலைப் பார்த்தேன்.

நவம்பர் தேர்தலைப் பற்றி இரண்டு பேருமே நிறையப் பேசுகிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது பிரைமரி, அதாவது கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற தேர்தல். அங்கே வருகிற கூட்டம் குறைவு, சில நூறு ஓட்டில் வேட்பாளரே மாறிவிடுகிறார். அப்படியானால் ஐடி சட்டத்தின் பாதிப்பு அங்கேதானே முதலில் தெரிய வேண்டும்? ஒரு கட்சிக்குள் யார் ஜெயித்தார் என்பதை இந்தச் சட்டம் மாற்றிய உதாரணம் யாருக்காவது தெரியுமா?

பழைய பூத் ஆள்:

நீங்கள் கேட்டதற்கு நேர் எதிரான உதாரணம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் எல்லாருக்கும் சொல்வேன். மிசிசிப்பி, 2014. அந்த மாநில மக்கள் 2011இல் ஓட்டெடுப்பு நடத்தி போட்டோ ஐடி வேண்டும் என்று முடிவு செய்தார்கள், ஆனால் வாக்குரிமைச் சட்டப்படி மத்திய அரசின் முன் அனுமதி வேண்டியிருந்ததால் அது கிடப்பில் கிடந்தது. 2013இல் ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த முன் அனுமதி முறையைச் செயலிழக்கச் செய்ததும் பல மாநிலங்களுக்கு வழி திறந்துவிட்டது. மிசிசிப்பியில் போட்டோ ஐடி முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது 2014 ஜூன் 3 பிரைமரியில்.

அதே நாளில் குடியரசுக் கட்சி செனட் பிரைமரி. பல காலமாகப் பதவியில் இருந்த தாட் காக்ரன் ஒரு பக்கம், டீ பார்ட்டி (அந்தக் கட்சிக்குள் இருந்த தீவிர வலதுசாரி இயக்கம்) ஆதரவோடு கிறிஸ் மெக்டேனியல் இன்னொரு பக்கம். மெக்டேனியல் சுமார் 1,400 ஓட்டு முன்னிலை, ஆனால் மூன்றாவது ஆள் ஒருவரும் இருந்ததால் யாரும் பாதியைத் தாண்டவில்லை, முதல் இருவருக்குள் மறுபடி ஓட்டெடுப்பு, அதாவது ரன்-ஆஃப், ஜூன் 24 அன்று. இடையில் இருந்த மூன்று வாரத்தில் காக்ரன் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, வழக்கமாக ஜனநாயகக் கட்சிக்குப் போடுகிற கறுப்பின வாக்காளர்களிடம் போய், வந்து எங்களுக்குப் போடுங்கள் என்று கேட்டார்கள். வந்து போட்டார்கள். காக்ரன் சுமார் 7,700 ஓட்டில் ஜெயித்தார்.

மிசிசிப்பியில் வாக்காளர் பதிவில் கட்சி என்ற கட்டமே கிடையாது, யாரும் எந்தக் கட்சி பிரைமரியிலும் போடலாம். ஒரே ஒரு விதி, ஜூன் 3 அன்று ஜனநாயகக் கட்சி பிரைமரியில் போட்டவர் ஜூன் 24 அன்று குடியரசுக் கட்சி ரன்-ஆஃபில் போடக் கூடாது. தோற்றதும் மெக்டேனியல் ஆட்கள் ஒவ்வொரு கவுண்டியாகப் போய் வாக்காளர் பதிவேட்டைப் புரட்டித் தேடியது இதைத்தான். வந்த ஆள் சரியான ஆள், அட்டையும் சரி, ஆனால் மூன்று வாரம் முன்னால் பக்கத்து வரிசையில் நின்றாரா? அட்டை அதைச் சொல்லாது. கடைசியில் புகாரை 20 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்லி நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஐடி முதன்முதலாக வந்த பிரைமரியிலேயே சண்டை ஐடியைப் பற்றி இல்லை!

நானும் வேறு மாநிலத்தில் சில தேர்தலில் பூத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஐடியால் வந்த தகராறைவிட "எந்தக் கட்சி வாக்குச்சீட்டு வேண்டும்" என்று கேட்டதும் கோபப்பட்டவர்கள்தான் அதிகம். "அதைக் கேட்க நீ யார்" என்று ஒரு அம்மா என்னைத் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

நெடுஞ்சாலை35:

பூத் ஆள் சொல்வது நேரில் போய் ஓட்டுப் போடுவதைப் பற்றி. டெக்சஸ்காரர் கேட்டிருக்கிறார், அதனால் டெக்சஸில் நடந்ததைச் சொல்கிறேன், இது எங்கள் வீட்டிலேயே நடந்தது.

2022 மார்ச் 1 பிரைமரி. அப்பாவுக்கு வயது 80ஐத் தாண்டியாயிற்று, 65க்கு மேல் என்றால் இங்கே தபால் ஓட்டு உண்டு. 2021இல் வந்த புதுச் சட்டப்படி விண்ணப்பத்திலும் எண் எழுத வேண்டும், சீட்டு வைத்து அனுப்பும் உறையிலும் எழுத வேண்டும், டிரைவிங் லைசென்ஸ் எண் அல்லது சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நாலு இலக்கம். உறையில் அந்தக் கட்டம் எங்கே இருந்தது என்று கேளுங்கள். ஒட்டி மூடுகிற மடிப்புக்கு அடியில்! அதுவும் எந்த எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்தோமோ அது அவர்கள் கோப்பில் இருந்தால்தான் பொருந்தும். அப்பா பதிவு செய்தது பல வருடம் முன்னால், நாலு இலக்கம் கொடுத்து. உறையில் எழுதியது லைசென்ஸ் எண். இரண்டுமே அவருடையதுதான், இரண்டுமே உண்மையான எண்தான், ஆனால் பொருந்தவில்லை என்று தேர்தல் முடிந்து சில நாள் கழித்துக் கடிதம் வந்தது. அவர் கத்தவில்லை, கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. நான்தான் கத்தினேன்.

அந்த ஒரு பிரைமரியில் மட்டும் மாநிலம் முழுக்க 24,000க்கு மேல் தபால் ஓட்டு நிராகரிப்பு, திரும்பி வந்ததில் 12 சதவீதத்துக்கு மேல். இரண்டு கட்சியிலும்தான். அதே வருடம் நவம்பரில் அது 3 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது, மக்களும் அலுவலகங்களும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆக அடி விழுந்தது பிரைமரிக்காரர்களுக்கு. டென்னசி 2012, அலபாமா 2014, மிசிசிப்பி 2014 என்று பார்த்தால் புதுச் சட்டத்தை முதலில் பிரைமரியில்தான் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

முடிவு மாறியதா என்றால் மாறியது என்று நான் சொல்ல மாட்டேன், நிரூபிக்க முடியாது. ஆனால் அதே வருடம் தெற்கு டெக்சஸில் 28ஆவது காங்கிரஸ் தொகுதி, ஜனநாயகக் கட்சி ரன்-ஆஃப், ஹென்ரி குவெயார் ஜெசிகா சிஸ்னெரோஸைத் தோற்கடித்தது மறு எண்ணிக்கைக்குப் பிறகு 289 ஓட்டில். இந்த அளவு தேர்தலில் மடிப்புக்கு அடியில் இருக்கிற ஒரு கட்டம் சின்ன விஷயம் இல்லை.

கணக்குப்பிள்ளை:

நான் ஐடி வேண்டும் என்கிற பக்கம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் உங்கள் மச்சான் வாதம் தலைகீழ். கடுமையான ஐடி சட்டம் போட்டது பெரும்பாலும் குடியரசுக் கட்சி சட்டமன்றங்கள். அந்த மாநிலங்களில் அந்தக் கட்சி ஏற்கனவே பலமாக இருந்ததால்தான் சட்டமே வந்தது. மழை பெய்கிற ஊரில் குடை அதிகம், அதற்காகக் குடையால் மழை வந்தது என்பீர்களா?

மகள் சொல்வதிலும் ஒரு பாதி ஆட்டம் காண்கிறது. 2017இல் ஹாஜ்னல் என்பவரின் ஆய்வுக் குழு, கடுமையான ஐடி சட்டத்தால் சிறுபான்மையினர் வாக்குப்பதிவு நன்றாகக் குறைகிறது, பிரைமரியிலும்தான் என்று எழுதினார்கள். அடுத்த வருடமே வேறு ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, கணக்கு நிற்கவில்லை, சர்வே தரவே இந்த வேலைக்கு ஏற்றதல்ல என்று காட்டினார்கள். அப்புறம் கான்டோனி, பான்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008 முதல் 2018 வரை நாடு முழுக்கப் பார்த்து, வாக்குப்பதிவில் குறிப்பிடத்தக்க சரிவு இல்லை என்றார்கள். அதே ஆய்வு, மோசடி குறைந்ததற்கும் தடயம் இல்லை என்றது, அதையும் என் பக்கத்து ஆட்கள் மறைக்கக் கூடாது. நோக்கத்தைக் கேட்டால் மகள் பக்கம்தான் நியாயம்: 2013இல் வட கரோலினா போட்ட சட்டத்தை 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்ததே, கறுப்பின வாக்காளர்களைக் குறிவைத்தது என்றுதான்.

சராசரியில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றால் தனி ஆளுக்கும் ஒன்றும் இல்லை என்று அர்த்தமா, அதுவும் இல்லை. இந்தியானா மாநிலத்தின் ஐடி சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 தீர்ப்பு சொன்னது 2008 ஏப்ரல் 28. எட்டே நாளில், மே 6 அன்று, ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் மோதிய பிரைமரி. சவுத் பெண்ட் பக்கத்தில் ஒரு கன்னிமாடத்தில் ஒரு டஜன் போல வயதான கன்னியாஸ்திரிகள் அட்டை இல்லாமல் திரும்பிப் போனார்கள். திருப்பி அனுப்பிய பூத் ஊழியர் அதே மடத்துச் சகோதரி, இவர்களைத் தினமும் பார்க்கிறவர். அட்டை கட்டாயம் என்று சொல்கிற எனக்கே அதைப் படித்தபோது ஒரு மாதிரி இருந்தது.

வேடிக்கைக்கு நெவாடா 2024ஐப் பாருங்கள். பிப்ரவரி 6 அரசு நடத்திய பிரைமரி, ஐடி வேண்டாம். பிப்ரவரி 8 குடியரசுக் கட்சி தானே நடத்திய காகஸ் (கட்சிக் கூட்டத்தில் நடக்கும் ஓட்டெடுப்பு), ஐடி கட்டாயம். முதலாவதில் டிரம்ப்பின் போட்டியாளர் நிக்கி ஹேலி "இவர்களில் எவரும் இல்லை" என்ற கட்டத்திடம் தோற்றார், இரண்டாவதில் டிரம்ப்புக்கு 99 சதவீதம். மச்சானிடம் சொன்னால் ஐடியால்தான் என்பார். முதல் தேர்தலின் வாக்குச்சீட்டில் டிரம்ப் பெயரே இல்லை, சார்!

ஆல்பனி பனி:

யாரும் நியூயார்க்கைச் சொல்லவில்லையே. இங்கே பூத்தில் பொதுவாக அட்டை கேட்பதில்லை, கையெழுத்துதான். ஆனால் 2016 ஏப்ரலில் ஒரு கட்சியின் பிரைமரியில் போட, முந்தைய வருடம் அக்டோபர் 9க்குள் வாக்காளர் பதிவில் அந்தக் கட்சிக்கு மாறியிருக்க வேண்டும். அதைத் தவறவிட்டு டிரம்ப்பின் பிள்ளைகள் இவான்காவும் எரிக்கும் சொந்த அப்பாவுக்கே ஓட்டுப் போட முடியவில்லை. அடையாளத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது, இல்லையா?

மெஸ்கீட்மரம்:

எல்லாருக்கும் நன்றி. நெவாடாவை மச்சானிடம் சொன்னேன், பூத் ஆள் சொன்ன மிசிசிப்பியையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "அப்போ கட்சியையும் அட்டையில் அச்சடிக்கணும்" என்கிறார். மகள் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டாள்.

நெடுஞ்சாலை35, ஒரு சந்தேகம். அம்மா அடுத்த முறை தபாலில்தான் போடப் போகிறார். எந்த எண் கொடுத்துப் பதிவு செய்தோம் என்று எங்களுக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. இரண்டையும் எழுதினால் ஏற்றுக்கொள்வார்களா?

நெடுஞ்சாலை35:

தாராளமாக. விண்ணப்பத்திலும் எழுதுங்கள், உறையிலும் எழுதுங்கள். பிரைமரி என்றால் எந்தக் கட்சிச் சீட்டு என்று விண்ணப்பத்தில் டிக் போட மறக்க வேண்டாம். உறையை ஒட்டுவதற்கு முன்னால் மடிப்பைத் தூக்கிப் பாருங்கள்.