பிரெஞ்சு ஹார்ன் வேலை: முதல் நாற்காலிக்கா, நான்காம் நாற்காலிக்கா தயாராவது?

கேள்வி: மும்பையில் 8ஆம் கிரேடு இசைத் தேர்வு முடித்த ஹார்ன் மாணவர் ஜெர்மனி இசைக்குழு ஆடிஷனுக்கு (வாசித்துக் காட்டும் தேர்வு) எந்த நாற்காலியைக் குறிவைக்கலாம்?

மாட்டுங்கா_பித்தளை:
நான்காம் ஹார்னுக்குத் தயாராகுங்கள் தம்பி. இசைக்குழுவின் நாலு ஹார்ன் நாற்காலிகளில் 1, 3 மேல்ஸ்தாயி. 2, 4 கீழ்ஸ்தாயி. ஜெர்மனியில் வேலை அறிவிப்பே அப்படிப் பிரித்துத்தான் வரும். கீழ் ஹார்னுக்கு வழக்கமாகக் கேட்பது மொஸார்ட்டின் 3ஆம் ஹார்ன் கான்செர்ட்டோவும் (இசைக்குழுவோடு தனியாளாக வாசிப்பது) ஹெர்மன் நாய்லிங்கின் பகாடெல் என்ற சிறு உருப்படியும். இங்கே பிள்ளைகள் மொஸார்ட்டின் 4ஆம் கான்செர்ட்டோவையே உருப்போட்டுவிட்டு, நடு 'சி'க்குக் கீழே வந்ததும் தடுமாறுகிறார்கள்.

செம்பூர்_காற்று:
இதை ஏற்க முடியாது சார். மேல்ஸ்தாயியைக் கட்ட வருஷக்கணக்கில் ஆகும், கீழ்ஸ்தாயியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஊரில் பிழைப்பையும் பாருங்கள். நரிமன் பாயின்ட்டில் 2006இல் தொடங்கிய சிம்பொனி இசைக்குழு வருஷத்துக்கு இரண்டு பருவம்தான் நடக்கிறது. மற்ற நாளில் பட ரெக்கார்டிங் வந்தால் ஒருவரே நாலு வரியையும் அடுக்கி வாசிக்க வேண்டியிருக்கும். கீழே மட்டும் தெரிந்தவரை யார் கூப்பிடுவார்கள்?

மாட்டுங்கா_பித்தளை:
கீழே "மட்டும்" என்று நான் சொல்லவே இல்லை. பீத்தோவனின் 9ஆம் சிம்பொனி மூன்றாம் பகுதியில் தனி வாசிப்பு நான்காம் ஹார்னுக்குத்தான், அது மேலேயும் ஏறுகிறது. அதற்கான தாள் ஈ-ஃபிளாட் சுருதி ஹார்னுக்கு எழுதியிருக்கும். எஃப் சுருதி ஹார்னில் வாசிக்க ஒரு முழு சுரம் இறக்கிப் படிக்கணும். அதில் வரும் ஸ்கேல் (சுர வரிசை) அப்போது ஆறு ஃபிளாட் (அரைச்சுரம் இறக்கும் குறி) கொண்ட ஜி-ஃபிளாட் மேஜராகிவிடும். விரல் அங்கேதான் சிக்கும்.

"பிறகு சேர்த்துக்கொள்ளலாம்" என்பதுதான் ஆபத்து. கீழே போகத் தாடை இறங்கி லேசாக முன்னே வரணும், உதட்டு இடைவெளி விரியணும், காற்று மெதுவாகவும் நிறையவும் போகணும். மவுத்பீஸை அழுத்தியே மேலே ஏறிப் பழகிய உதடு இதற்கு இணங்காது. அழுத்தம் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். அரை மணியில் மேல் சுரமும் போய்விடும்.

செம்பூர்_காற்று:
அழுத்தம் கெடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பயிற்சியின் குறை, நாற்காலியின் குறை இல்லை. இரட்டைக் குழாய் ஹார்னில் எஃப் சுருதிப் பக்கத்துக் குழாய் கிட்டத்தட்ட 3.7 மீட்டர். 8ஆம் ஹார்மோனிக்குக்கு (விரல் மாற்றாமல் உதட்டாலேயே எழுப்பும் சுர வரிசையில் எட்டாவது) மேல் சுரங்கள் ஒரு சுர, அரைச்சுர இடைவெளியில் நெருங்கி நிற்பதால் உதடு இம்மி பிசகினாலும் சுரம் உடைந்து பக்கத்துச் சுரத்தில் விழும். தினசரிப் பயிற்சி அதற்குத்தான் முதலில் வேண்டும். சைக்காவ்ஸ்கி 5ஆம் சிம்பொனியின் இரண்டாம் பகுதித் தனி வாசிப்பு பதறாமல் வந்தால், ப்ரூக்னர், மாலர் சிம்பொனிகளை வாசிக்கும்போது முதல் ஹார்னுக்கு ஓய்வு கொடுக்கும் உதவியாளர் இடமாவது கிடைக்கும்.

சயான்_மூச்சு:
இருவருக்கும் ஒன்று. பிராம்ஸ் 1ஆம் சிம்பொனியின் கடைசிப் பகுதியில் முதல் ஹார்ன் மூச்சு எடுக்கும் இடத்தில் இரண்டாம் ஹார்ன் அதே சுரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. சுருதியும் ஒலியின் நிறமும் கொஞ்சம் மாறினாலும் ஒட்டு தெரியும். இரண்டாம் நாற்காலியை இளப்பமாக நினைக்கிறவர் இதை வாசித்துப் பார்க்கட்டும்.

மாட்டுங்கா_பித்தளை:
ரொம்பச் சரி. கையை ஹார்னின் அகன்ற வாய்க்குள் முழுக்க அடைத்து வாசிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஃப் பக்கத்தில் சுருதி அரைச்சுரம் ஏறும், அதனால் அரைச்சுரம் கீழே விரல் வைக்கணும். கீழ்ஸ்தாயியில் கை போதாது, பித்தளை ஸ்டாப்பிங் மியூட் (கைக்குப் பதிலாக அடைக்கும் கருவி) வேண்டும். தேர்வான பிறகும் பெரும்பாலும் ஒரு வருஷம் சோதனைக்காலம் உண்டு. பக்கத்து நாற்காலிக்காரர் இதையெல்லாம் தினமும் கேட்டுக்கொண்டிருப்பார்.

செம்பூர்_காற்று:
சோதனைக்காலம் வரை போக முதல் சுற்றைத் தாண்டணும் சார். திரைக்குப் பின்னால் நின்று வாசிக்கும் அந்தச் சில நிமிடத்தில் சுரம் உடையாமல் இருக்கணும். மாணவர் இரண்டு கான்செர்ட்டோவையும் படிக்கட்டும். காலையில் முதல் ஒரு மணி நேரம் மட்டும் மேல்ஸ்தாயிக்கு.