மாமியின்ரை கண் ஒப்பரேசனும் காசுக் கதையும்

சின்ன மாமி: பிள்ளையள், வாற வியாழன் எனக்குக் கண் ஒப்பரேசன். தனியாரிலைதான். பெரியாஸ்பத்திரியிலை கனநாள் காத்திருக்கோணுமாம்.

பெரியக்கா: எவ்வளவு முடியுமாம் மாமி?

சின்ன மாமி: கவுண்டர் பிள்ளை "ஒரு ஒண்டரை லட்சம் வரும்" எண்டவ.

பெரியக்கா: எழுதித் தந்தவையோ?

சின்ன மாமி: இல்லையடி. கேக்க வெக்கமாக் கிடந்தது. டொக்டர் என்ன நினைப்பார்?

பெரியக்கா: மாமி, அப்பான்ரை குடலிறக்க (கேர்ணியா) ஒப்பரேசனை மறந்துபோனியளே? வாயாலை "ஒண்டு எண்பது" எண்டவை. விடேக்கை பில் 263,000. நான் காப்பை அடகு வைச்சுக் காசோடை வரப் பின்னேரம் நாலு மணி. அதுமட்டும் அப்பா சாரத்தைக் கட்டி, பையை மடியிலை வைச்சபடி கட்டில் விளிம்பிலை இருந்தவர். ஒரு சொல் கதைக்கேல்லை. பில்லிலை கையுறைக்கு ஒரு வரி, பஞ்சுக்கு ஒரு வரி, மயக்க டொக்டருக்குத் தனி. ஒண்டும் பொய்யில்லை, பாவிச்சதுதான். முதலே சொல்லியிருந்தா காசோடை போயிருப்பம்.

தம்பி நியூ ஜேர்சி: இஞ்சை அதுக்குச் சட்டமே இருக்கக்கா, 2022 ஜனவரி 1இலை இருந்து. காப்புறுதி இல்லாதவை, இல்லாட்டிக் கைக்காசிலை செய்யிறவை கேட்டா, மூண்டு வேலைநாளுக்குள்ளை எவ்வளவு வரும் எண்டு எழுத்திலை குடுக்கோணும். பில் அதைவிட 400 டொலரோ மேலையோ கூடினா 120 நாளுக்குள்ளை முறையிடலாம்.

அத்தான்: அது அமெரிக்கா. யாழ்ப்பாணத்திலை ஆர் கேப்பினம்?

பெரியக்கா: நாங்கள்தான் கேக்கோணும் அத்தான். இஞ்சையும் தனியார் ஆஸ்பத்திரியள் 2006ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டத்திலை பதியோணும், அவையளை ஒழுங்குபடுத்த ஒரு சபை இருக்கு. பாவனையாளர் அதிகாரசபைக்கு 1977 எண்ட நம்பரிலை போன் அடிச்சு முறையிடலாம். ஆனா பில் வந்தாப்பிறகு அலையிறதை விட முதலே கேக்கிறது நல்லம்.

பெரியக்கா: மாமி, நாளைக்குப் போய் இதை அப்பிடியே வாசிச்சுக் கேளுங்கோ. லென்ஸ் என்ன வகை, என்ன விலை? தியேட்டர், டொக்டர் காசு, மருந்து எல்லாம் அந்த ஒண்டரைக்குள்ளையோ? ஒரு இரவு நிக்க வேண்டி வந்தா எவ்வளவு?

சின்ன மாமி: சரி பிள்ளை.

*அடுத்த நாள்*

சின்ன மாமி: கேட்டனான். முகம் சுழிக்கேல்லை, அந்தப் பிள்ளை இருந்து எழுதித் தந்தது. ஒண்டரைக்குள்ளை லென்ஸ் இல்லையாம். அது தனிய 65,000. துண்டைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறன்.

அத்தான்: 65,000 ஆ! நல்லகாலம் கேட்டது.

பெரியக்கா: மாமி, இதிலை சீலும் இல்லை, திகதியும் இல்லை.

சின்ன மாமி: ஐயோ, நான் கவனிக்கேல்லை.

பெரியக்கா: பரவாயில்லை. காலமை ஒம்பதுக்கு வாறன், வெளிக்கிட்டு நில்லுங்கோ. சேர்ந்து போய் சீல் அடிப்பிச்சுக்கொண்டு வருவம்.