அம்மம்மா திருச்சி போகிறா

பெரியக்கா (கிளிநொச்சி) 7:42
எல்லாரும் இருக்கிறீர்களா? அம்மம்மாவுக்கு விசா வந்துவிட்டது. திருச்சிக் கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள்தான். எதில் போவது என்று இன்றிரவு முடிவெடுங்கோ. நாளைக்கு விலை ஏறிவிடும்.

சின்ன மாமா (வவுனியா) 7:45
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா எயார்போட். யாழ்ப்பாணத்துப் பலாலி எயார்போட்டில் வந்து நிற்பது பிளேனா? காத்தாடி பூட்டிய பஸ். வயதுபோன மனுசியை அதில் ஏற்றவா?

தம்பி (யாழ். கம்பஸ்) 7:47
மாமா, அந்தக் காத்தாடி பஸ்ஸில் நான் போய்வந்திருக்கிறேன்.

தம்பி 7:49
கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வானில் ஏழு மணித்தியாலம் குந்தியிருக்க வேண்டும். அம்மம்மாவின் முழங்கால் அதற்கு ஒத்துவருமா? பலாலி என்றால் இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். பிறகு வானத்தில் ஒரு மணித்தியாலம், அவ்வளவுதான்.

சின்ன மாமா 7:50
மலிவுக் கொம்பனி. எங்கேயோ ஓடிக் களைத்த பழைய பிளேனாக இருக்கும்.

தம்பி 7:54
மலிவு என்றால் பழசு இல்லை மாமா. பலாலிக்கு வருகிற இண்டிகோ 2006 இல் தொடங்கியது. இன்றைக்கு 400க்கு மேல் பிளேன் வைத்திருக்கிறார்கள், அதில் பெரும்பங்கு ஏர்பஸ் 320 குடும்பம். 2023 ஜூனில் பாரிஸ் கண்காட்சியில் ஒரே கையெழுத்தில் இன்னும் 500 கேட்டார்கள். ஏன் ஒரே வகை? உங்கள் வயல் பக்கம் எல்லாரும் மசி பேர்குசன் உழவு மெசின் வைத்திருக்கிற மாதிரித்தான். ஒன்றின் சாமான் மற்றதுக்குப் பொருந்தும், ஒரே மெக்கானிக் போதும், ஓட்டத் தெரிந்தவன் எதிலும் ஏறுவான். மிச்சம் பிடிப்பது அதில்தான்.

தம்பி 7:55
பலாலி ஓடுபாதை ஏர்பஸ்ஸுக்குக் காணாது. அதனால் அங்கே ஏடிஆர் 72 என்கிற சின்னக் காத்தாடிப் பிளேன் வருகிறது. 78 சீட். வரிசைக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. இரண்டு பேருக்கு நடுவில் நசிபடுகிற வேலை இல்லை.

கனடா சித்தப்பா 7:58
பலாலி 2019 ஒக்டோபர் 17 திறந்தது. முதலில் சென்னையிலிருந்து அலையன்ஸ் எயார். கொரோனாவோடு நின்றது. 2022 டிசம்பர் 12 திரும்ப வந்தது. இண்டிகோ 2024 செப்டெம்பர் 1 சென்னைக்கு, 2025 மார்ச் 30 திருச்சிக்கு.

குட்டி 7:58
சித்தப்பாவுக்கு எங்கள் பிறந்தநாள்தான் ஞாபகம் இருக்காது 😂

பெரியண்ணா (கிளிநொச்சி) 8:01
காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் ஓடுகிறதே. அதைப் பார்த்தால் என்ன?

பெரியக்கா 8:02
மழைக்காலம் வரப்போகிறது அண்ணா. அந்த நேரம் அதை நிறுத்திவிடுகிறார்கள். நாகபட்டினத்தில் இறங்கினாலும் திருச்சிக்குத் திரும்ப ஒரு பஸ். கப்பல் வேண்டாம்.

பெரியக்கா 8:04
டிக்கெட் நான்தான் போடப்போகிறேன், ஏஜென்சிக்குப் போகமாட்டேன். போன முறை ஒருவரிடம் கொடுத்து அப்பாவின் பெயரையும் என் பெயரையும் முன்பின்னாக மாற்றிப் போட்டுவிட்டார். கேட்டதற்கு "ஒன்றும் செய்யாது அக்கா" என்றார். கவுண்டரில் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்த அந்தப் பத்து நிமிடம் எனக்கு வேர்த்த வேர்வை எனக்குத்தான் தெரியும். திருத்தின காசும் என் கையால்தான் போனது.

தம்பி 8:06
பாஸ்போர்ட்டில் எந்தப் பெட்டியில் எந்தப் பெயர் இருக்கிறதோ அப்படியே அடியுங்கோ அக்கா. இனிஷல் போடாதேங்கோ, முழுப்பெயர்.

அத்தை (முல்லைத்தீவு) 8:09
பொம்பிளை வீட்டுக்குப் பாரைக் கருவாடு நாலு கிலோ எடுத்து வைத்திருக்கிறேன். தேன் இரண்டு போத்தல், புழுக்கொடியல் ஒரு பை. அம்மாவின் கையில் கொடுத்துவிடுங்கோ.

தம்பி 8:10
அத்தை, கைப்பை 7 கிலோ. தேன் போத்தல் கைப்பையில் போகவே போகாது, 100 மில்லிலீற்றருக்கு மேல் திரவம் விடமாட்டார்கள். எல்லாம் சூட்கேஸுக்குள். கருவாட்டை நாலு பொலித்தீன் சுற்றிக் கட்டுங்கோ. மணம் வெளியே வந்தால் கவுண்டரில் பிரி என்பார்கள்.

சின்ன மாமா 8:12
சாப்பாடு கொடுப்பார்களா அதையாவது சொல்.

தம்பி 8:15
மலிவு டிக்கெட்டில் சாப்பாடு சேராது. இண்டிகோவில் சுடுதண்ணீர் ஊற்றிச் சாப்பிடுகிற உப்புமா, நூடுல்ஸ் எல்லாம் கோப்பையில் விற்பார்கள், முந்திரிப்பருப்பும் இருக்கும். ஒரு மணித்தியாலப் பறப்பில் அதற்கு எங்கே நேரம்? இடியப்பம் இரண்டு பார்சல் கட்டுங்கோ. சம்பல் வேண்டாம்.

அத்தை 8:15
சம்பல் இல்லாமல் இடியப்பமா!

தம்பி 8:20
காசு கட்ட வேண்டிய ஒன்று சீட். சும்மா விட்டால் அம்மம்மாவை ஒரு மூலையிலும் அக்காவை இன்னொரு மூலையிலும் போட்டுவிடும். பின் வரிசையில் எடுங்கோ. ஏடிஆரில் ஏறுகிற கதவு பின்பக்கம், கழிப்பறையும் அங்கேதான். முன்னுக்கு, விமானிகளுக்குப் பின்னால், சூட்கேஸ் வைக்கிற இடம். காத்தாடிச் சத்தமும் முன்பக்கம்தான் கூட. நான் ஏறும்போது வாலுக்குக் கீழே ஒரு முட்டுக்கோல் கொடுத்திருந்தார்கள், மாடு அவிழ்த்த வண்டிலுக்குக் கொடுப்போமே, அதே மாதிரி. சனம் முழுக்கப் பின்னால் ஏறுகிறதால் வால் நிலத்தில் குந்திவிடாமல்.

சின்ன மாமா 8:21
இதைச் சொல்லி மனுசியைப் பயப்படுத்தாதே.

பெரியக்கா 8:22
சக்கர நாற்காலி கேட்டு வைக்கட்டா? அதற்குக் காசு இல்லை என்று போட்டிருக்கிறது.

குட்டி 8:26
அம்மம்மா எல்லாவற்றையும் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறா. சொன்னதை அப்படியே அடிக்கிறேன். "தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலில் போன மனுசி நான். பாயும் பெட்டியும் தலையில். எனக்குக் கதிரை தள்ள ஆள் வேண்டாம். யன்னல் பக்கம் இல்லையென்றால் வரமாட்டேன்."

தம்பி 8:28
போகும்போது இடது பக்க யன்னல் எடுங்கோ அக்கா. சிறகு மேலே இருக்கிறபடியால் மறைக்காது. மேகம் இல்லாவிட்டால் நெடுந்தீவு தெரியும்.

பெரியக்கா 8:29
சக்கர நாற்காலி போட்டுவிட்டேன். அவவுக்குச் சொல்லாதேங்கோ.

குட்டி 8:29
கேட்டுவிட்டா 🙈

சின்ன மாமா 8:33
சரி. வானுக்கு நான் சொல்கிறேன். பலாலிக்குத்தானே?

பெரியக்கா 8:41
பலாலிதான். பின்னுக்கு இரண்டு சீட், இடது பக்கம். காசு கட்டியாயிற்று.

பெரியண்ணா 9:17
[படம்]
நெல் நிறுக்கிற தராசை வேப்பமரத்தில் கட்டிச் சூட்கேஸைத் தூக்கிப் பார்த்தேன். அத்தையின் பார்சல் வர முதலே ஒரு கிலோ அறுநூறு கூட.

அத்தை 9:19
அப்படியென்றால் அம்மாவின் சீலை இரண்டை எடுங்கோ. கருவாட்டில் கைவைக்காதேங்கோ.