வாஸ்து பார்த்தோம், கூரைக்குள் பார்க்கவில்லை: டர்பனில் வீடு வாங்கிய கதை

சாட்ஸ்வொர்த் மருமகள்:

டர்பனில் வீடு வாங்கப் போகிற ஒரு தங்கை போன வாரம் என்னிடம் கேட்டாள்: "அக்கா, ஏஜென்ட் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், பேங்க்கிலிருந்தும் ஆள் வந்து பார்க்கிறார். இதற்கு மேல் வீட்டைச் சோதித்துக் குறை சொல்ல இன்ஸ்பெக்டர் என்று ஒருவருக்குத் தனியாகக் காசு அழணுமா?" பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. இங்கேயே போடுகிறேன். உங்களுக்கும் கதை இருந்தால் கீழே எழுதுங்கள்.

நாங்கள் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வாங்கியது 2019-இல். அறுபதுகளில் கட்டிய வீடு, மேட்டுச் சரிவில். மாமியார் போனில் திசைகாட்டி வைத்துக்கொண்டு வாசல், அடுப்பு, ஈசான்ய மூலை எல்லாம் சரிபார்த்தார். புதுப் பெயின்ட் வாசனை. குளியலறையில் புது டைல்ஸ். "பால் காய்ச்சிவிட்டு நேரே குடி வரலாம்" என்றார் ஏஜென்ட். காய்ச்சினோம்.

முதல் பெருமழைக்கே லவுஞ்சில் சோபாவுக்குப் பின்னால் பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பியது. இரண்டாவது மழையில் பின் அறை சீலிங்கில் டீக்கறை போல ஒரு வட்டம். ஒழுகலை அடைக்கக் கூப்பிட்ட ஆள் மேலே ஏறிப் பத்து நிமிஷம் இறங்கவே இல்லை. இறங்கி வந்து, "அக்கா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று உங்கள் கூரையைப் பாருங்கள்" என்றார். பார்த்தேன். நடுவில் பழைய கயிற்றுக் கட்டில் மாதிரி தொய்ந்திருந்தது. குடி வந்த நாளிலிருந்து அதே ரோட்டில் நின்று பக்கத்து வீட்டு அக்காவோடு பேசியிருக்கிறேன், கண்ணில் பட்டதே இல்லை.

நடந்தது இதுதான். முன்னாலே அந்தக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். யாரோ நல்ல எண்ணத்தில் அதை எடுத்துவிட்டு கான்கிரீட் ஓடு போட்டிருக்கிறார்கள். ஷீட்டைத் தாங்கக் கட்டிய மரச்சட்டம் அப்படியே இருந்தது. ஓட்டின் எடை பல மடங்கு. சட்டம் வளைந்தது, ஓடுகள் விலகின, தண்ணீர் இறங்கியது. சட்டத்தோடு மாற்றி முடிக்க எங்களுக்கு ஆன செலவு 1,10,000 ராண்ட்.

வக்கீலிடம் போனோம். அவர் ஒப்பந்தத்தைப் பிரித்து ஒரு வார்த்தையில் விரலை வைத்தார்: ஃபூட்ஸ்டூட்ஸ். ஆஃப்ரிகான்ஸ் சட்ட வார்த்தை. உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன் என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரிகிற குறை எப்படியும் வாங்கினவர் தலையில். மறைந்திருக்கும் குறைக்கும் விற்றவர் பொறுப்பில்லை. விற்றவருக்கு அது தெரியும், தெரிந்தே மறைத்தார் என்று நாம் நிரூபித்தால்தான் அந்த வார்த்தை அவரைக் காப்பாற்றாது. எங்களுக்கு விற்றவர் அப்பா காலமானதும் சொத்து கைக்கு வந்த மகன். அந்த வீட்டில் அவர் குடியிருந்ததே இல்லை. பாவம், அவருக்கே தெரியாது. எதை நிரூபிப்பது? வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இனி இன்ஸ்பெக்டர் கதை. 2023-இல் என் நாத்தனார் டர்பனிலேயே பெரியா மேட்டில் ஒரு பழைய வீட்டைப் பார்த்தாள். இந்தத் தடவை நான் விடவில்லை. 4,500 ராண்ட் கொடுத்து ஒருவரை வரவழைத்தோம். ஏணி, டார்ச், ஈரம் பார்க்கிற மீட்டர் ஒன்று. மூன்றரை மணி நேரம். வீட்டுக்குள் வருவதற்கு முன்னாலேயே வெளியே இரண்டு சுற்றுச் சுற்றினார். கூரைத் தண்ணீர் இறங்குகிற குழாய் எங்கே முடிகிறது என்று குனிந்து பார்த்தார். அது நேராக அஸ்திவாரத்தின் காலடியில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த மேடு முழுக்கச் செம்மணல். பெரியா ரெட் சாண்ட் என்றே அதற்குப் பெயர். காய்ந்திருக்கும்வரை கல் மாதிரி நிற்கும், தண்ணீர் ஊறினால் திடீரென்று அமுங்கும். உள்ளே வந்ததும் நேராக அந்த மூலை அறைக்குப் போய் அலமாரியை நகர்த்தச் சொன்னார். பின்னால் படிக்கட்டு மாதிரி ஏறிப்போகிற விரிசல். பட்டி போட்டுப் பூசியிருந்தார்கள், பட்டியே மறுபடி பிளந்திருந்தது. பையிலிருந்து ஐந்து ராண்ட் நாணயத்தை எடுத்து அதில் சொருகினார். நின்றது. நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் அந்த வீட்டை விட்டுவிடவில்லை. ரிப்போர்ட்டைக் காட்டி விலையைக் குறைத்துப் பேசி வாங்கினாள். குழாயைத் திருப்பி, அஸ்திவாரத்தை எஞ்சினியரிடம் காட்டிச் சரி செய்துகொண்டாள். இப்போது நிம்மதியாக இருக்கிறாள். எனக்குத்தான் கொஞ்சம் பொறாமை.

ஃபீனிக்ஸ் அண்ணன்:

தங்கச்சி, எனக்கும் அதே ஃபூட்ஸ்டூட்ஸ்தான். ஆனால் கூரை இல்லை, அவுட்பில்டிங். பின்னால் இரண்டு ரூம், வாடகைக்கு விடலாம், பாண்டில் (வீட்டுக் கடனில்) பாதி அதுவே கட்டிவிடும் என்று கணக்குப் போட்டு வாங்கினேன். அப்புறம் பார்த்தால் முனிசிபாலிட்டி பிளானில் அந்த இரண்டு ரூமே இல்லை. அனுமதி இல்லாமல் கட்டியது. பிளான் வரைய ஆளுக்குக் காசு, ஜன்னல் சின்னது என்று அதை இடித்துப் பெரிதாக்கக் காசு, எட்டு மாசம் வாடகை இல்லை. ஆஃபரில், அதாவது வாங்குகிற ஒப்பந்தத்தில், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அங்கீகரித்த பிளானைக் கையில் வாங்கி, வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என் தம்பிக்கு வந்த இன்ஸ்பெக்டர் முதலில் கேட்டதே அதைத்தான்.

புதுசா வந்தவள்:

ஒரு சந்தேகம் அக்கா. எங்கள் ஏஜென்ட், எலக்ட்ரிகல் சர்டிஃபிகேட், வண்டு சர்டிஃபிகேட் எல்லாம் விற்பவரே கொடுக்க வேண்டும், அதனால் தனியாக இன்ஸ்பெக்ஷன் வேண்டாம் என்கிறார். குறைகளை எழுதிக் கொடுக்கிற படிவமும் உண்டாமே?

சாட்ஸ்வொர்த் மருமகள்:

எல்லாம் உண்டும்மா. ஆனால் ஒவ்வொன்றும் எதைச் சொல்கிறது என்று பார். எலக்ட்ரிகல் சர்டிஃபிகேட் வயரிங் பாதுகாப்பாக இருக்கிறது என்று சொல்லும். விற்கும்போது அது இரண்டு வருஷத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. வண்டு சர்டிஃபிகேட் நம்ம குவாசுலு-நடால் மாகாணத்துப் பக்கம் கேட்கிற வழக்கம். மரத்தை அரிக்கிற பூச்சி இல்லை என்று சொல்லும், அவ்வளவுதான். பூச்சியே இல்லாத மரம்தான் என் வீட்டில் வளைந்தது! அதோடு இவை பெரும்பாலும் ஆஃபரில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வரும், அந்த ஆட்களுக்குக் காசு கொடுப்பது விற்பவர். பேங்க் ஆள் வருவது அவர்கள் கொடுக்கிற கடனுக்கு வீடு பெறுமா என்று பார்க்க. எங்கள் வீட்டில் அவர் இருந்தது கால் மணி நேரம்.

படிவம் 2022 பிப்ரவரி 1-இல் அமலுக்கு வந்த புதுச் சட்டத்தில் கட்டாயமானது. விற்பவர் கையெழுத்துப் போட்ட அந்தப் படிவம் இல்லாமல் ஏஜென்ட் வீட்டை விற்க எடுத்துக்கொள்ளவே கூடாது. நல்ல விஷயம்தான். ஆனால் தனக்குத் தெரிந்த குறையைத்தானே ஒருவர் எழுத முடியும்? எங்களுக்கு விற்ற அந்தப் பையன் சத்தியமாக "கூரையில் குறை இல்லை" என்றுதான் எழுதியிருப்பான். வாங்குபவர் தன் செலவில் ஆள் வைத்து வீட்டைச் சோதிப்பதற்கு இது தடை இல்லை என்று அதே சட்டப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. ஏஜென்ட் மறுபடி வேண்டாம் என்றால் அதைக் காட்டு.

செஞ்சூரியன் கோவைக்காரன்:

எங்களுடையது பிரிட்டோரியா பக்கம் செஞ்சூரியனில் புது டவுன்ஹவுஸ், அதனால் கதை வேறு. புது வீட்டுக்கு என்எச்பிஆர்சி (வீடு கட்டுபவர்களைப் பதிவு செய்கிற தேசிய அமைப்பு) பாதுகாப்பு உண்டு: சின்னக் குறைகளுக்கு 3 மாதம், கூரை ஒழுகலுக்கு 1 வருஷம், கட்டுமானக் குறைக்கு 5 வருஷம். "அதான் வாரண்டி இருக்கே" என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். 3 மாதத்துக்குள் பட்டியல் போட்டு எழுத்தில் கொடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது கதவுக் கைப்பிடியும் பெயின்ட் கறையும்தான். கீசருக்கு அடியில் தண்ணீர் பிடிக்கிற தட்டுக்கு வடிகுழாயே மாட்டவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? பதினான்காவது மாதம் கீசர் வெடித்து, தட்டு நிரம்பி, பெட்ரூம் சீலிங் கட்டிலில் விழுந்தது. நல்லவேளை, பகல். அப்புறம், எங்கள் பக்கம் டோலமைட் பாறை, மண் உள்வாங்கிப் பள்ளம் விழுகிற இடம். இங்கே வாங்குகிறவர்கள் தண்ணீர்க் குழாய், சாக்கடைக் குழாய் கசிவைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். கசிகிற தண்ணீர்தான் பள்ளத்துக்குப் பிள்ளையார் சுழி.

மவுண்ட் எட்ஜ்கோம்ப் தாத்தா:

எல்லாரும் இன்ஸ்பெக்டரைச் சாமியாக்கிவிட்டீர்கள். நானும் வைத்தேன். 42 பக்கம் ரிப்போர்ட், வண்ணப் படங்களோடு. குடிவந்த மூன்றாம் மாதம் சாக்கடை பின்னுக்கு எதிர்த்து வந்தது. தோண்டினால் குழாய்க்குள் அத்தி வேர். கேட்டதற்கு, "தாத்தா, மண்ணுக்கு அடியில், டைல்ஸுக்கு அடியில் நான் பார்ப்பதில்லை, முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேனே" என்றான். எழுதித்தான் இருந்தது. நான் தான் படிக்கவில்லை. பழைய வீடு, பெரிய மரம் என்றால் கேமரா விட்டுப் பார்க்கிற பிளம்பரையும் கூப்பிடுங்கள். இன்னொன்று, ஏஜென்ட் சொல்கிற இன்ஸ்பெக்டர் வேண்டாம். நீங்களே தேடி, அவர் முன்பு எழுதிய ரிப்போர்ட் ஒன்றைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். "பொதுவாக நன்றாக உள்ளது" என்று பக்கத்துக்குப் பக்கம் இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

சாட்ஸ்வொர்த் மருமகள்:

தாத்தா சொன்னது சரிதான். சரிவில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று விட்டுவிட்டேன்: தடுப்புச் சுவர். தண்ணீர் வடியத் துளை இருக்கிறதா, அதை யாராவது சிமெண்ட் வைத்து அடைத்திருக்கிறார்களா பார்க்கச் சொல்லுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். சரிவில் வீடு இருக்கிற யாரும் அந்த இரண்டு ராத்திரியை மறக்க மாட்டோம்.

புதுசா வந்தவள்:

நாளைக்கு ஆஃபரில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். இனி என்ன செய்வது?

சாட்ஸ்வொர்த் மருமகள்:

போடு, ஆனால் ஒரு நிபந்தனையோடு. இன்ஸ்பெக்ஷன் செய்து, ரிப்போர்ட் எனக்குத் திருப்தியாக இருந்தால்தான் இந்த ஒப்பந்தம் செல்லும், இத்தனை நாளைக்குள் என்று தேதி போட்டு எழுதச் சொல். வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடு. வாயால் சொன்னது கணக்கில் வராது. மழை பெய்த மறுநாள் ஆள் கிடைத்தால் விடாதே, இன்னும் நல்லது. நீயும் கூடவே போ, ஏணியைப் பிடித்துக்கொண்டு நில். மாமியாரும் வருவேன் என்றால் வரட்டும், அவர் திசைகாட்டியோடு வாசலைப் பார்க்கட்டும்.

புதுசா வந்தவள்:

எழுதச் சொல்லிவிட்டேன் அக்கா. ஏஜென்ட் முகம் கொஞ்சம் மாறியது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆள் வருகிறார். வெள்ளி மழை என்று சொல்லியிருக்கிறார்கள்.