ஹட்டனில் ஒரு ரெகே மேடை வேண்டுமா?

மேற்குமலை:
ஜமேக்காவில் பிறந்த ரெகே இசையில் எனக்குப் பாட்டைவிட மேடைதான் பெரிது. 1978 ஏப்ரலில் அந்த நாட்டுத் தலைநகர் கிங்ஸ்டனின் தேசிய அரங்கில் நடந்ததை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது. கட்சிச் சண்டையில் தெருத்தெருவாகச் சுட்டுக்கொண்டிருந்த நாடு அது. ரெகே பாடகர் பொப் மார்லி, பிரதமர் மைக்கல் மான்லியையும் எதிர்க்கட்சித் தலைவர் எட்வர்ட் சியாகாவையும் மேடைக்கு அழைத்து, இருவர் கையையும் சேர்த்துப் பிடித்தார். அப்புறம் 1980 ஏப்ரல், சிம்பாப்வே சுதந்திர விழா. கருவிகளைக் கொண்டுபோன செலவுகூட மார்லியுடையதுதான். நம் மலையகத்தில், ஹட்டனிலோ தலவாக்கலையிலோ அப்படியொரு இரவு வேண்டும். பேஸ் கிட்டாருக்குப் பக்கத்தில் நம் தப்பு மேளம்.

லயத்துப்பிள்ளை:
அண்ணே, கிங்ஸ்டன் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்த நிகழ்ச்சியை ஒழுங்கு செய்தவர்களில் ஒருவரான குளோடி மாசொப்பை அடுத்த ஆண்டே பொலிஸார் சுட்டுக் கொன்றார்கள். 1980 தேர்தல் ஆண்டில் 800 பேருக்கு மேல் செத்தார்கள். கைகோத்த படம் மட்டும் உலகம் சுற்றியது. அதே மேடையில் இன்னொரு ரெகே பாடகர் பீட்டர் டொஷ் தலைவர்களை நேருக்கு நேர் கண்டித்துப் பேசினார். சில மாதங்களில் பொலிஸ் அவரை அடித்து நொறுக்கியது. என்னைக் கேட்டால் அந்த இரவு அவருடையது.

நம் பக்கம் ரெகே எங்கே கேட்கிறது? எல்லவில், வெளிநாட்டுப் பயணிகள் உட்காரும் இடங்களில். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் அக்கா அந்த வாசலில் ஏறுவாரா?

மேற்குமலை:
தம்பி, துப்பாக்கியைப் பாட்டு நிறுத்தும் என்று நான் சொல்லவில்லை. யாருக்காகப் பாடினார்கள் என்று பாருங்கள். சிம்பாப்வேயில் முதல் இரவு பிரமுகர்களுக்கு. வெளியே நின்ற சனம் உள்ளே வர முண்டியடித்தபோது கண்ணீர்ப்புகை அடித்தார்கள். மறுநாள் அந்தச் சனத்துக்காகவே மறுபடி மேடையேறினார் மார்லி. ரெகே பிறந்ததும் கிங்ஸ்டன் சேரிகளில்தான். எல்லவில் யார் காசு கொடுத்துக் கேட்கிறார்கள் என்பதற்காக அதை நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

தப்பொலி:
இருவரும் சத்தத்தைப் பற்றிப் பேசவில்லையே. நான் தப்படிக்கிறவன். நெருப்பில் காய்ச்சிய தப்பு கணீரென்று பேசும். ஆனால் மலைக் குளிரில் தோல் சீக்கிரம் தளர்ந்துவிடும், பாட்டுக்குப் பாட்டு காய்ச்ச வேண்டும். மேடைக்குப் பக்கத்தில் நெருப்பு மூட்ட விடுவார்களா? பெரிய ஸ்பீக்கரில் பேஸ் அதிர்ந்தால் தப்பு காணாமல் போகும். வழி இல்லாமல் இல்லை. ரெகேக்கு முன்பே ஜமேக்காவின் ரஸ்தஃபாரி சமயத்தார் நயாபிங்கி என்ற சடங்கு முழவுகளை அடித்தார்கள், அந்த முழவுக் கலைஞர் கவுன்ட் ஒஸீயின் கூட்டம் இருந்ததும் கிங்ஸ்டனின் வரெய்க்கா குன்றில். பேஸ், ஃபண்டே, ரிப்பீட்டர் என்று மூன்று முழவு. மேலே விளையாடுவது ரிப்பீட்டர். அந்த இடத்தைத் தப்புக்குக் கொடுக்கலாம். ரெகே டிரம்ஸில் முதல் தட்டை வெறுமையாக விடும் அடி ஒன்று உண்டு, அந்த வெறுமையில் தப்பு நன்றாக உட்காரும்.

லயத்துப்பிள்ளை:
அண்ணே, நீங்கள் சொன்னால் சத்தம் சேரும், நம்புகிறேன். மரியாதை சேருமா? சாவுக்கு அடித்ததற்காகவே ஒதுக்கிவைத்த குடும்பங்களின் கருவி அது. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு மியூசிக்கல் ஷோவில் விருந்தினரை வரவேற்க வாசலில் அடிக்க வைத்து, ஒரு டீயைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நோட்டீசில் பெயர் இல்லை. மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்தில் அப்படியா? தப்பு இல்லாமல் அங்கே எதுவும் அசையாது, தோட்டமே விடிய விடிய நிற்கும்.

மேற்குமலை:
அதைக் கேட்கவே கோபம் வருகிறது. சரி, நிபந்தனையாகவே எழுதுவோம். நோட்டீசில் தப்புக் குழுவின் பெயர் முதலில், கிட்டார்காரருக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம். இடம் தோட்டத்து மைதானம், டிக்கெட் கிடையாது. நெருப்புக்கு மேடையோரம் இடம்.

லயத்துப்பிள்ளை:
மைதானம் என்றால் வந்து கேட்கிறேன். ஆனால் மாசியில் மட்டும் வைக்காதீர்கள். அந்த இரவுகள் கூத்துக்கு. மதன் எரியும் நேரத்தில் பக்கத்துத் தோட்டத்தில் ஸ்பீக்கர் கட்டினால், முதலில் எதிர்க்கிறவன் நான்தான்.