இராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் கிராம்பு மரம் வருமா?

மண்டபம்வாசி:
சந்தையில் கிராம்புக் கன்று என்று சொல்லி ஒன்று கொடுத்தார்கள். இலை எதிரெதிராக இருக்கிறது, கொழுந்து மட்டும் இளஞ்சிவப்பு. கிராம்புதானா, இந்த உப்புக்காற்றைத் தாங்குமா?

கண்மாய்க்கரை:
அண்ணே, இலையை வெயிலுக்கு நேராகப் பிடியுங்கள். ஊசியால் குத்தியதுபோல் புள்ளிகள் தெரிந்தால் அவை எண்ணெய்ச் சுரப்பிகள். ஆனால் நாவல், கொய்யா, யூகலிப்டஸ் எல்லாம் அதே குடும்பம்தான், அதனால் கசக்கி முகர்ந்து பாருங்கள், கிராம்பு வாசனை வரவேண்டும்.

பச்சையம்:
கிராம்பு இந்தோனேசியாவின் மலுக்கு தீவுகளில் பிறந்த மழைக்காட்டு மரம், என்றும் பசுமை, 10 மீட்டர் வரை சாதாரணமாக வளரும். நாம் பிரியாணியில் போடுவது விரியாத பூமொட்டு. ஒன்றை வெந்நீரில் ஊறவைத்துப் பிரியுங்கள், தலையில் இருக்கும் குண்டு என்பது ஒன்றையொன்று மூடிய 4 அல்லி இதழ்கள், அதைத் தாங்கும் 4 பற்கள் புல்லி இதழ்கள், குண்டுக்குள்ளே மகரந்தத் தாள்கள் கொத்தாகச் சுருண்டு கிடக்கும். அவ்வளவு அழகு! காம்பு என்று நினைக்கிறோமே, சூலகம் அதற்குள்தான் இருக்கிறது.

மாறாமலை:
எங்கள் கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது மலை ஈரத்தில் விளைவது தம்பி. 1500 மி.மீ.க்கு மேல் மழை கேட்கும், உங்கள் மாவட்டத்தில் அதில் பாதிதான். மணலில் வைக்காதீர்கள், தொட்டியில் நிழலில் வையுங்கள், மொட்டை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

மண்டபம்வாசி:
கசக்கிப் பார்த்தேன், கிராம்பேதான்! சரி, கிணற்றடி நிழலில் தொட்டியில் வைக்கிறேன். வெளியில் நாவல் நடுகிறேன்.